இரு மகாயுத்தங்களுக்கிடையே நமது சமூகம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)





முதலாம் மகாயுத்தம் 1918ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே முடிந்தது. இரண்டாம் மகாயுத்தம் 1939ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே தொடங்கியது. இடையிலே கிடந்தவை இருபத்தொரு ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து வாக்களிக்கும் வயதை அடைவதற்கு அக்காலத்திலே எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ, அத்தனை ஆண்டுகள். அந்தச் சிறு காலத்துள் வட இலங்கையின் வாழ்வு தலைகீழாகப் புரண்டது. அந்தப் புரட்சியின் பலன்களைத்தான் வன்னி மண்ணிலே வாழும் நாம் இன்றும் உண்டுகொண்டிருக்கின்றோம். அதன் குறைகளையும் நாமே சுமந்துகொண்டிருக்கின்றோம்.

அக்காலத்து மாற்றங்களை நான்கு சொற்களில் அடக்கலாம் என்பது எமது எண்ணம். பணம், நீர், வாங்கு, வாக்கு என்பனவே அந்த நான்கு. இந்த நான்கும் நம்மிடம் வந்தன. வந்தவற்றை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

முதலிலே பணத்தை எடுத்துக்கொள்வோம். இதற்குச் சிறிது தூரம், அமெரிக்கா வரையிலே போய்வர வேண்டும். முதல் யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவிலே மோட்டார் வண்டி செல்வர் வீட்டுச் சொத்தாக இருந்த நிலை மாறிச் சாதாரண குடும்பத்தின் வாகனமாயிற்று. ஹென்றி ஃபோர்ட் என்பவரின் தொழிற்சாலை, ‘மொடல் ரீ’ என்ற ஒரே வகை வண்டியை 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையிற் செய்து விற்றது. 1929ஆம் ஆண்டளவில் அந்நாட்டிலே ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் கார்கள் ஓடின. ஒவ்வொரு காருக்கும் நான்கு சில்லுகள். ஒவ்வொரு சில்லுக்கும் றப்பர். அந்த றப்பரின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மலாயாவிலும் அதை அடுத்த தீவுகளிலும் இருந்த தோட்டங்களிலிருந்தே வந்தது.

மலாயாவிலே றப்பர் பெருகப் பெருக, அதை ஏற்றிச் செல்லப் புகையிரதப் பாதையும், அளந்து காட்ட நில அளவைப் பகுதியும், கணக்கு வைக்கக் கந்தோர்களும் வேண்டியிருந்தன. அங்கே ஆங்கிலம் படித்த இலிகிதர்களையும் நிலைய அதிபர்களையும் தேடியபொழுது, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் அவர்களைத் தயாராக வைத்திருந்தன. கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், சிங்கப்பூர் ஆகிய பெயர்கள் நமது குடும்பங்களிலே பக்கத்து ஊர்ப் பெயர்கள் போலப் பழகிப்போயின. மாதந்தோறும் காசுக்கட்டளை வந்தது. மண்வீடு கல்வீடாயிற்று. சீதனம் உயர்ந்தது. கோயில்களுக்குத் திருப்பணி நடந்தது. பாடசாலைகளுக்குக் கட்டடம் எழுந்தது. ‘மலாயன் பென்சனியர்’ என்றொரு புதிய வகுப்பே ஊரிலே தோன்றியது. அமெரிக்காவிலே சில்லு சுழன்றது. யாழ்ப்பாணத்திலே அடுப்பு எரிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல, 1929ஆம் ஆண்டு ஐப்பசியிலே நியூயோர்க் நகரத்துப் பங்குச்சந்தை விழுந்தது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. கார் வாங்குவோர் இல்லையெனில் றப்பர் வாங்குவோர் ஏது? 1932இலே ஒரு இறாத்தல் றப்பர் இலண்டனில் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. மலாயாக் கந்தோர்களிலே ஆட்குறைப்பு வந்தது. புதிதாக எவரையும் எடுக்கவில்லை; இருந்தவர்கள் பலரும் வீடு திரும்பினர். மலையாள நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் புகையிலை வியாபாரமும் அதே காலத்திலே நலிந்தது. தென்னிலங்கைச் சந்தையை நம்பிச் சுருட்டுக் கைத்தொழிலிலே பலர் இறங்கினர்.

யாழ்ப்பாணத்தாருக்கு அறிவு குறைந்ததாலோ உழைப்பு குறைந்ததாலோ இந்த நட்டம் வரவில்லை. அவர்களுடைய வாழ்வின் கயிறு அவர்கள் காணாத ஒரு தேசத்திலே கட்டப்பட்டிருந்தது. அங்கே அறுந்தது, இங்கே விழுந்தார்கள். இந்தப் பாடம் பழங்கதை அன்று. இன்று நம்மிலே எத்தனை வீடுகளின் அடுப்பு கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் மத்திய கிழக்கிலும் உழைப்போரின் கையை நம்பி எரிகின்றது? அவர்களின் அன்பையும் தியாகத்தையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வந்த பணம் மதிலாகவும் மண்டபமாகவும் மட்டுமே நின்றுவிட்டால், நாளை அது வராதபோது மதில் நமக்குச் சோறு போடாது. மூளாயிலே 1936ஆம் ஆண்டு ஊர்மக்கள் கூடி ஒரு கூட்டுறவு வைத்தியசாலையை நிறுவினார்கள். நெருக்கடியின் நடுவிலே செய்த காரியம் அது. சிறு பணமும் சேர்ந்து நின்றால் நிலைத்த தருமமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இரண்டாவது, நீர். இது நமது சொந்தக் கதை. 1905ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதம் ஓடத்தொடங்கிவிட்டது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று அது வன்னியை நெடுக அறுத்துக்கொண்டு சென்றது. ஆனால் வண்டியிலிருந்தோர் சன்னலாற் காட்டைப் பார்த்தார்களேயன்றி இறங்கவில்லை. கனகராயன் ஆற்றை மறித்து 1902இலே தொடங்கிய இரணைமடுக்குளத்து வேலை 1920இலே நிறைவேறியது. நீர் இருந்தது, நிலம் இருந்தது, மனிதர் வரவில்லை.

ஏன் வரவில்லை? மலேரியாக் காய்ச்சல் என்பதே விடை. பழைய வன்னிக் கிராமங்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காய்ச்சலோடு போராடி, பிள்ளைகளை இழந்து, குளத்தையும் வயலையும் கோயிலையும் விடாமற் காத்து வந்தார்கள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரருக்கும் விளக்கு அணையாமற் பார்த்த அந்த முன்னோரை இச்சபையிலே நன்றியோடு நினைக்கின்றோம். வெளியிலிருந்து வந்தவர்களோ ஒரு மாரியிலேயே நடுங்கிப்போய்த் திரும்பினார்கள். 1934, 1935ஆம் ஆண்டுகளிலே தென்மேற்கு மாவட்டங்களிற் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டபோதுதான், நாடு முழுவதும் இந்த நோயின் கொடுமையை உணர்ந்தது. வன்னி அதனை எப்போதும் அறிந்தே இருந்தது.

இக்காலத்திலே அமெரிக்காவின் தெனசி ஆற்றுப் பள்ளத்தாக்கிலே 1933இல் ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அது அணைகளைக் கட்டியது, மின்சாரத்தைக் கொடுத்தது, அத்தோடு நில்லாது, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி நுளம்பு பெருகாமலும் செய்தது. அணையும் மருந்தும் உழவும் ஒரே திட்டத்துள் அடங்கின. நமது நாட்டிலோ குளம் முதலிற் கட்டப்பட்டது. குடியேற்றம் பதினைந்து ஆண்டு பிந்தி வந்தது. நுளம்பை ஒழிக்கும் மருந்து அதற்கும் பத்தாண்டு பிந்தி, இரண்டாம் யுத்தம் முடிந்த பின்னரே வந்தது. இலங்கை மலேரியாவிலிருந்து முற்றாக விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016ஆம் ஆண்டில்.

1935ஆம் ஆண்டிலே காணி அபிவிருத்திச் சட்டம் பிறந்தது. 1936இலே, யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கத்தோடு கிளிநொச்சியிலே குடியேற்றத்திட்டம் தொடங்கியது. மலாயா மூடிய கதவுக்குப் பதிலாக வன்னி ஒரு கதவைத் திறந்தது என்று சொல்லலாம். இன்று நாம் கிளிநொச்சி என்று பெருமையோடு சொல்லும் நகரத்தின் பிறப்பு அதுவே. ஆனால் அந்தச் சட்டத்தினுள்ளே ஒரு முள்ளும் இருந்தது. அனுமதிப்பத்திரக் காணி உடையவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், உரிமை மகளுக்கு முன் மகனுக்கே போகும் என்று அதன் அட்டவணை வரிசைப்படுத்தியது. விதவையான மனைவிக்குச் சீவியகால உரிமை இருந்தது. அவள் மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். 1935இல் எழுதிய இந்த வரிசையை மாற்ற 2022ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. யுத்தத்திலே கணவரை இழந்து, தனித்து நின்று வயல் செய்த நமது தாய்மார் இதன் பாரத்தை எப்படிச் சுமந்தார்கள் என்பதை இங்கே எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. சட்டம் திருந்தியது என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச்சொல்வது இனி நமது சங்கத்தின் வேலை.

மூன்றாவது, வாங்கு. பாடசாலையிலே பிள்ளை குந்தியிருக்கும் வாங்கைத்தான் சொல்கின்றோம். அக்காலத்திலே வடபகுதியின் பல பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கிலே இடமில்லை. நிலத்திலே இருந்தார்கள், சில இடங்களிலே வெளியே நின்று கேட்டார்கள், பல இடங்களிலே சேர்க்கப்படவேயில்லை. 1924ஆம் ஆண்டிலே ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். பின்னர் அது யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. அதிலே சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக நின்றனர். தாய்மொழிக் கல்வி, சுயராச்சியம், சாதியொழிப்பு ஆகியன அவர்களின் கொள்கைகள். அவர்கள் அழைப்பிலேதான் 1927ஆம் ஆண்டு கார்த்திகையில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அதே 1927இல் ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தனர். இது மறக்கத்தகாத செய்தி. உரிமையை எவரும் அவர்களுக்குப் பிச்சையாக இடவில்லை, அவர்கள் கேட்டார்கள்.

அந்தப் பத்தாண்டின் முடிவிலே, அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டும் என்று கல்விப்பகுதி வற்புறுத்தியது. பிறகு நடந்ததைச் சொல்ல நா கூசுகின்றது. எதிர்ப்புக் கிளம்பியது, மனுக்கள் பறந்தன, சம ஆசனம் கொடுத்த பாடசாலைகளுட் சில 1930இலே தீக்கிரையாயின. பிள்ளை பக்கத்திலே இருந்து படிக்கக்கூடாதென்று சரஸ்வதி குடியிருக்கும் இடத்துக்கே தீ வைத்தார்கள்! வைத்தவர்கள் யார்? திருநீறு பூசிய நம்மவரே.

மிஷன் பாடசாலையிலே படித்து, வீட்டிலே தேவாரம் ஓதி வளர்ந்தவர்கள் நாங்கள். எனவே இதனை இரண்டு பக்கமும் பார்த்துப் பேச எங்களுக்கு உரிமையுண்டு. ‘சம ஆசனம் பாதிரிமார் கொண்டுவந்தது, அது நமது சமயத்துக்குப் புறம்பு’ என்று அன்று சிலர் வாதித்தார்கள். அது பிழையான வாதம். மிஷன் பாடசாலைகளிலும் பல, நெடுங்காலம் ஊர்வழக்கத்துக்கு இடங்கொடுத்தே நடந்தன. மறுபக்கத்திலே, சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலே கற்கவேண்டும் என்று 1923இலே தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இராசரத்தினம் அவர்களின் அயராத முயற்சியால் வடபகுதியெங்கும் தமிழ்ப் பாடசாலைகளை நிறுவியது. பள்ளிக்கூடத்தையே காணாத ஊர்களுக்கும் அதனால் எழுத்து வந்தது. ஆகையால் ஒரு பக்கம் முழு ஒளி, மறுபக்கம் முழு இருள் என்று கோடு கிழிக்கமுடியாது. கோடு கிழிக்கவேண்டுமானால் இப்படிக் கிழிக்கலாம்: பிள்ளையை முன்னே வைத்தவர்கள் ஒருபக்கம், தம் பெருமையை முன்னே வைத்தவர்கள் மறுபக்கம்.

1936ஆம் ஆண்டு கார்த்திகையிலே திருவிதாங்கூர் மகாராசா தமது கோயிற் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். நமது புகையிலையை வாங்கிய நாடு அது. அந்த நல்ல செய்தியை மட்டும் நாம் உடனே வாங்கவில்லை. இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலே வந்தது. அதற்குப் பதினொரு ஆண்டின் பின்பும், 1968இலே, மாவிட்டபுரத்து வாசலிலே மக்கள் நின்று போராடவேண்டியிருந்தது. எல்லாரும் அவன் பிள்ளைகள் என்று நாவாற் பாடிக்கொண்டு, வாசலிலே ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்துவது எந்த ஆகமம்? பெரியோர்கள் எம்மை மன்னிக்கவேண்டும். இளைஞர் சங்கம் ஒன்றின் மேடையிலே இதைக் கேளாவிட்டால் வேறெங்கே கேட்பது?

நான்காவது, வாக்கு. 1931ஆம் ஆண்டு வரை இலங்கையின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவிலேதான் வாக்குரிமை இருந்தது. டொனமூர்க் குழுவினரின் சிபார்சினால், அவ்வாண்டிலே இருபத்தொரு வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குக் கிடைத்தது. அமெரிக்காவிலே பெண்கள் நாடெங்கும் வாக்குப் பெற்றது 1920இல். பிரித்தானியாவிலே ஆண்களோடு சமமாகப் பெற்றது 1928இல். மூன்றாண்டிலே நமது பாட்டிமாருக்கும் அது கிடைத்தது என்பது ஆசியாவிலேயே வியப்பான செய்தி. பெண் கல்விக்காக 1913இலே மருதனார்மடத்திற் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார்கள் என்பதும் சரித்திரம். பெருமக்களின் எல்லாக் கருத்தும் பெருங்கருத்தாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர்கள் செய்த நன்மைக்காக வணங்குவோம், தவறியவிடத்து விலகுவோம்.

ஆனால் வாக்கு வந்தபோது யாழ்ப்பாணம் என்ன செய்தது? டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரத்தை அறிவித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் கொடுக்கவில்லை. அரசாங்க சபையின் ஐம்பது தொகுதிகளுள் நாற்பத்தாறுக்கே பிரதிநிதிகள் வந்தனர். மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி மட்டும் வடக்கிலிருந்து தன் பிரதிநிதியை அனுப்பியது. அந்த இளைஞர்களின் நோக்கம் தூயது, நாடு முழுவதும் தம்மைப் பின்பற்றும் என்று நம்பினார்கள், நாடு பின்பற்றவில்லை. 1934இலே இடைத்தேர்தல் நடக்கும் வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அமைச்சர்கள் தெரிவானதும், காணி, கமத்தொழில் பற்றிய செயற்குழு தன் வேலையைத் தொடங்கியதும் அந்த மூன்றாண்டுகளிலேதான். வன்னியின் காணியைப் பற்றிப் பேசும் மேசையிலே குடாநாட்டுக் குரல் இல்லை. முதன்முறை வாக்குப்பெற்ற ஏழைக் கமக்காரனும் கூலிக்காரனும் பெண்ணும் அதைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பையும் இழந்தார்கள். கொள்கைக்காகத் தியாகம் செய்யலாம்; ஆனால் பிறருடைய முதல் உரிமையை அவர்களைக் கேளாமலே தியாகம் செய்யலாமா என்ற கேள்வி எம் உள்ளத்திலே நிற்கின்றது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கு 1931இன் வாக்குரிமை நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையையே இழந்தார்கள். 1958, 1977ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின் அவர்களிற் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, காடு வெட்டி, நம்முடைய அயலவரானார்கள். பழைய வன்னியார், குடாநாட்டிலிருந்து வந்தோர், மலைநாட்டிலிருந்து வந்தோர் ஆகிய மூவரும் கலந்ததே இன்றைய வன்னி. 2009இலே எல்லாரும் ஒன்றாகவே எல்லாவற்றையும் இழந்து நின்றோம். அப்பொழுது ஒரே வரிசையிலே கஞ்சிக்கு நின்ற நமக்கு, இப்பொழுது யார் முதலில் வந்தவர் என்ற பேச்சு எதற்கு?

பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலே நா. பொன்னையா அவர்களின் ‘ஈழகேசரி’யும் கொழும்பிலே ‘வீரகேசரி’யும் 1930இல் வெளிவந்தன, ‘தினகரன்’ 1932இல் வந்தது. கொழும்பு வானொலி 1925இலேயே ஒலிக்கத்தொடங்கியது. தமிழ் பேசும் படம் 1931இலே வந்தது. செய்தி கச்சேரியிலிருந்து வாசிகசாலைக்கு இறங்கியது; ஆங்கிலம் தெரியாதவனும் உலகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னான். வாக்குரிமைக்கு உயிர் கொடுத்தது இதுவே.

சபையோர்களே! பணம் வந்தது, அதை நம்பிச் சாய்ந்தோம், விழுந்தோம். நீர் வந்தது, அதன் பக்கம் போகத் தயங்கினோம். வாங்கு வந்தது, எரித்தோம். வாக்கு வந்தது, மூன்றாண்டு தொடாமல் வைத்திருந்தோம். ஆனாலும் அந்தக் காலத்தைக் குறைகூறுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. எரித்தவர்கள் இருந்த ஊரிலேதான் எரிந்த பாடசாலைகளுக்கு மீண்டும் பிள்ளைகளை அனுப்பிய தாய்தந்தையரும் இருந்தார்கள். காய்ச்சலுக்கு அஞ்சித் திரும்பியோர் நடுவிலே, கொயினாவை விழுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கீழே வையாதவர்களும் இருந்தார்கள். அவர்களாலேதான் இன்று நாம் இங்கே இருக்கின்றோம்.

ஆகவே நமது சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். காணிச் சட்டத்தின் புதிய உரிமையைப் பெண்களுக்கு விளக்கும் கூட்டங்களை ஊர்தோறும் நடத்துவோம். வெளிநாட்டுச் சகோதரர் அனுப்பும் நன்கொடையிலே ஒரு பகுதியைக் கட்டடத்திற் போடாது, பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் நிதியாக வைப்போம். நமது சங்கத்தின் பூசையிலும், அன்னதானப் பந்தியிலும், நிருவாக சபையிலும் எந்த ஊர், எந்தக் குடி என்று கேளாது இடங்கொடுப்போம். மூன்றாவதுதான் கடினமானது, மூன்றாவதுதான் முதலிற் செய்யவேண்டியது.